விட்டுப்போன நோன்புகள்

மதுரை, தெற்குவாசல்
2 டிசம்பர் 1938

தம்பி நாகூர் கனிக்கு,

ஸலாம். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. நான் சுகமா என்று நீ கேட்கவும் வேண்டாம். அதற்கு எழுதும் கடிதம் அல்ல இது.

ரமலான் முடிய ஒரு வாரம் இருக்கும்போது நீ உசிலம்பட்டியிலிருந்து ரயிலேறி வந்தாய். அடுக்களை வாசலில் நான் படுத்திருந்தேன். அக்கா விழுந்து கிடந்தாள் என்று நீ பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாயாம். விழவில்லை, படுத்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருந்தது, அவ்வளவுதான். நீ என் தலையைத் தூக்கி மடியில் வைத்து, தாடையைப் பிடித்துத் திறந்து, கருப்பட்டித் தண்ணீரை வாயில் ஊற்றினாய். அப்போது பிற்பகல் அசர் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. இன்னும் சற்றுநேரம் போனால், பொழுது அடைந்ததும் மஃரிப் பாங்கோடு என் நோன்பை நானே திறந்திருப்பேன். அந்தச் சற்றுநேரம் உனக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டில் திருடன் புகுந்திருந்தால்கூட என் நோன்பைத் தொட்டிருக்க மாட்டான். கூடப்பிறந்தவன் தொட்டான். நான் கண்ணைத் திறந்ததும் உன்னை வெளியே போகச் சொன்னேன். அந்தச் சொல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பெருநாள் முடிந்த மறுநாளே விட்ட நோன்புக்குக் களா வைக்க ஆரம்பித்துவிட்டேன். நீ முறித்த நோன்பை முதலில் திருப்பி நோற்றேன். அதோடு நிறுத்தவில்லை. கல்யாணமான நாளிலிருந்து பிள்ளைப்பேறு, பால்கொடுப்பு என்று விட்டுப்போன நோன்புகள் எல்லாவற்றையும் இப்போது நோற்று முடிக்கப்போகிறேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வர வேண்டாம்.

மெஹருன்னிசா


உசிலம்பட்டி
9 டிசம்பர் 1938

அக்காவுக்கு நாகூர் கனி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தபோது மேல்விலாசத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. உங்கள் கையெழுத்து. மதுரையிலிருந்து கடிதம் என்று தபால்காரர் சத்தம் கொடுத்ததும், வேறு யாரோ எழுதியிருந்தால் உள்ளே என்ன சேதி இருக்கும் என்று நினைத்துக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். பருத்திக்கொட்டை வாங்க வந்த பேயாண்டித் தேவர், "என்ன ராவுத்தரே, முகம் வெளுத்துப்போச்சு?" என்றார். "அக்கா திட்டி எழுதியிருக்கு" என்றேன். "அப்ப நல்லாத்தான் இருக்காக" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அக்கா, நீங்கள் படுத்திருந்ததாகவே இருக்கட்டும். ஆனால் நான் மூன்று தடவை கூப்பிட்டேன். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். உதடு கறுத்திருந்தது. கையைத் தூக்கி விட்டால் அது கீழே விழுந்தது. அத்தா மவுத்தான அன்று அவர் கையைப் பிடித்துப் பார்த்தவன் நான். அந்தக் கை எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். மஃரிப் வரை காத்திருக்கலாமே என்கிறீர்கள். காத்திருந்து, அப்புறம் பாங்கு கேட்டும் நீங்கள் எழுந்திருக்காவிட்டால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எதிர்வீட்டு நர்ஸ் தெரசாவை அன்று கூட்டிவந்தேன், உங்களுக்கு நினைவிருக்காது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே புண் இருக்கும்போல் தெரிகிறது, ஆஸ்பத்திரியில் காட்டியே ஆகவேண்டும், பட்டினி கிடக்கவே கூடாது என்றார்கள்.

நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டேன். நோயால் நோன்பு வைக்க முடியாதவர் பித்யா கொடுக்கலாம், விட்டுப்போன ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு வயிறாரச் சோறு போட்டால் போதும் என்றார். நான் அரிசியாகவே அனுப்பிவிடுகிறேன். மொத்தமாகப் பள்ளிவாசலில் இறக்கிவிட்டால் காரியம் ஒரே நாளில் முடிந்துவிடும். நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

"மூட்டை கணக்குல முடிக்கிறதுக்கு அது என்ன புண்ணாக்கு வியாபாரமா? உங்க அக்கா கிழிச்சுப் போடப் போறாக பாருங்க" என்று செய்யதம்மாள் சொல்கிறாள். நான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

தம்பி
நாகூர் கனி


மதுரை
17 டிசம்பர் 1938

நாகூர் கனிக்கு,

உன் பெண்டாட்டிக்கு உன்னைவிட அறிவு இருக்கிறது என்று நான் நிக்காஹ் அன்றைக்கே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

பித்யா எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவள்தான். அரபெழுத்தில் எழுதும் அரபுத்தமிழை அத்தா சொல்லிக்கொடுத்தார். தமிழெழுத்தைச் சாமான் கட்டிவரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்து, எழுத்துக்கூட்டி நானே படித்துக்கொண்டேன். மார்க்கச் சட்டப் புத்தகங்கள் மூன்று என் பெட்டியில் இருக்கின்றன. அட்டையிலிருந்து அட்டைவரை படித்திருக்கிறேன். அதில் என்ன போட்டிருக்கிறது தெரியுமா? பித்யா முடியாதவர்களுக்கு. எனக்கு முடிகிறது. முடிகிறவள் சோறு போட்டுவிட்டுத் தானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

ஒருத்தர் நோயாளி என்று நம் மார்க்கமறிந்த வைத்தியர் சொல்லவேண்டும் என்றும் போட்டிருக்கிறது. தெரசா நல்ல பெண். என் வீட்டுக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறாள். அவளுக்கு நோன்பைப் பற்றி என்ன தெரியும்? அவர்களுடைய தவக்காலத்தில் மீன் சாப்பிடலாமாம்.

நீ எப்போதும் அவசரக்காரன். இந்த நோன்புகளை எதற்கு நோற்கிறேன் என்று நீ ஒருதரமாவது கேட்டாயா? நானே சொல்கிறேன். ஜலால் வயிற்றில் இருந்த வருஷம் ஒரு ரமலான் போனது. அவனுக்குப் பால் கொடுத்த வருஷம் இன்னொன்று. ஹாஜராவுக்கும் அப்படியே. அப்போதெல்லாம் மாமியார், "பிள்ளை பெரிசாகட்டும், மெல்ல வச்சுக்கலாம்மா" என்பார். நானும் மெல்ல வைத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஜலாலை நாலு வயதில் அம்மை கொண்டுபோனது. ஹாஜரா வளர்ந்தாள், அவளும் முதல் பிரசவத்தில் போய்விட்டாள். அவர்களுக்காக விட்ட நோன்புகள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. பிள்ளைகளையும் காப்பாற்றவில்லை, நோன்பையும் நிறைவேற்றவில்லை என்று நான் போய் நிற்க முடியாது.

இதை அரிசியாக இறக்கிவிடலாம் என்கிறாய். இறக்கிப்பார். வண்டிக்காரனோடு சேர்த்துத் திருப்பி அனுப்புவேன்.

கையெழுத்து சாய்ந்திருக்கிறது என்று ஏதாவது கற்பனை செய்துகொள்ளாதே. மசி சரியில்லை.

மெஹருன்னிசா


உசிலம்பட்டி
8 ஜனவரி 1939

அக்காவுக்கு,

கற்பனை செய்யவேண்டாம் என்றீர்கள். அதனால் நேரிலேயே வந்தேன். நீங்கள் கதவைத் திறக்கவில்லை. நாம் பேசியதை எழுதுகிறேன். பின்னால் நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடாது.

"அக்கா, கதவைத் தெறங்க. கனி வந்திருக்கேன்."

"கனி மரத்துல இருக்கும். தெருவுல ஏன் நிக்குது?"

"சாப்பிடச் சொல்ல வரல. முகத்தைப் பார்த்துட்டுப் போறேன்."

"ரமலான்ல பார்த்தது போதும்."

"சரி, எந்திரிச்சு வந்து சன்னல்லயாவது நில்லுங்க."

"எந்திரிக்க நேரமில்ல. வேலையா இருக்கேன்."

அக்கா, நீங்கள் வேலையாக இருக்கவில்லை. உங்கள் குரல் கதவின் கீழ் இடுக்கு வழியாக வந்தது. நீங்கள் தரையில் படுத்துக்கொண்டு பேசினீர்கள். நானும் படியில் உட்கார்ந்து, குனிந்து, அந்த இடுக்குப் பக்கம் வாயை வைத்துத்தான் பேசினேன். தெருவில் போனவர்கள் என்ன நினைத்தார்களோ. நடுவில் ஒருதரம் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டீர்கள். வலியை விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறீர்கள்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் செய்யதம்மாளிடம் வாசித்துக்காட்டினேன். அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் இருபது வருஷத்தில் ஜலால் பெயரை ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை, அக்கா.

மறுபடி ஹஜ்ரத்திடம் போனேன். தெரசா சொன்னதை நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "உங்க அக்கா படிச்ச கிதாபுல அடுத்த வரியையும் படிக்கச் சொல்லுங்க. வைத்தியர் சொல்லணும், இல்லாட்டி நோயாளிக்கே தன் உடம்பு தெரிஞ்சிருக்கணும்னு இருக்கும். வைத்தியரை நம்பலைன்னா விடட்டும். தன் உடம்பைத் தானே சாட்சி சொல்லட்டும். ஆனா உண்மையைச் சொல்லணும். நோன்பு வச்ச வாயில பொய் நிக்காது" என்றார்.

நான் இனி எதுவும் சொல்லப்போவதில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. அன்றும் அடுத்த மூன்று நாளும் நோன்பு வைக்க உங்களுக்கே அனுமதி கிடையாது. குர்பானி இறைச்சி அனுப்புகிறேன். அந்த நாட்களில் சாப்பிட்டுவிட்டு, உங்கள் வயிறு என்ன சொல்கிறதென்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாகூர் கனி


மதுரை
6 பிப்ரவரி 1939

நாகூர் கனி,

அடுத்த வரியைப் படித்தேன். இருக்கிறது. அந்தப் பக்கத்தின் கடைசி வரி அது. பக்கத்தைத் திருப்புகிற அவசரத்தில் விட்டிருப்பேன்.

சாட்சி சொல்கிறேன். ஒருதரம்தான் சொல்வேன், கேட்டுக்கொள்.

வலி போன ரமலானுக்கு முன்பே இருந்தது. வெறும் வயிற்றில் எரியும், தொப்புளுக்கு மேலே கங்கு வைத்ததுபோல். சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும். நோன்பில் அடங்க வழியில்லை. அதை நான் இபாதத்தின், வணக்கத்தின் வேதனை என்று எண்ணிக்கொண்டேன். அசருக்குப் பிறகு நிற்க முடியாது. அடுக்களைத் தரையில் வயிற்றை அழுத்திக்கொண்டு கிடப்பேன். அன்றைக்கும் அப்படித்தான். எப்போது நினைவு போனது என்று தெரியாது. நீ கூப்பிட்டது கேட்கவில்லை.

பெருநாளன்று நீ அனுப்பிய இறைச்சியைச் சமைத்தேன். காரம் நிறையப் போட்டு, பிடிவாதமாக இரண்டு கை சாப்பிட்டேன். சாயங்காலம் வாந்தி எடுத்தேன். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக வந்தது. நோன்பு இல்லாத நாளில் வந்தது. அதனால் நோன்பின் மேல் பழி போடவோ நோன்பைக் காட்டி மறைக்கவோ வழியில்லாமல் போனது. நானே எதிர்வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். தெரசா "வாங்கம்மா" என்று வண்டி பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா பார்த்தார். புண்தான். இரத்தம் கசிந்திருக்கிறது. இரண்டு மணிக்கு ஒருதரம் கொஞ்சம் பால், குழைந்த சாதம், புளி கூடாது, மிளகாய் கூடாது, வயிறு காலியாகவே இருக்கக்கூடாது என்று தெரசாவை வைத்துத் தமிழில் சொல்லவைத்தார். "எம்புட்டு நாளைக்கும்மா?" என்று கேட்டேன். நான் திரும்பி நடந்து வந்து, சண்டை போட்டு, மறுபடி கேட்கிற நாள்வரைக்கும் என்று தெரசா மொழிபெயர்த்தாள். டாக்டரம்மா அவ்வளவும் சொல்லியிருக்க மாட்டார்.

ஆக, எனக்கு முடியவில்லை. இது என் சாட்சி.

நீ சந்தோஷப்பட்டு ஆடிவிடாதே. நீ செய்ததைச் சரி என்று நான் சொல்லவில்லை. என்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்க முடியவில்லை என்பது உன் பக்கத்து நியாயம். அதை நீ வைத்துக்கொள். புண் ஆறினால் நோன்பை நான் மறுபடி வைப்பேன், அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அதுவரை பித்யா. ஆனால் அரிசியாக அல்ல. ஜலாலுக்கும் ஹாஜராவுக்கும் விட்டது என் உடம்பு. கொடுக்கிறதும் என் கைதான். நாளுக்கு ஒரு நோன்பு என்று, ஒருத்தருக்கு, நானே ஆக்கிப் போடுவேன். இறைச்சியோடு வந்த சீட்டில் நீ எழுதியிருந்தாயே, இங்கே பள்ளிவாசல் வாசலில் பாதுஷா என்று ஒரு சாதுவான கிழவர் இருக்கிறார், போட்டதைச் சாப்பிட்டு துஆச் செய்துவிட்டுப் போவார் என்று. அவர் வேண்டாம். நீ பார்த்த ஆள் எனக்கு வேண்டாம். நானே பார்த்துக்கொள்வேன்.

மெஹருன்னிசா


உசிலம்பட்டி
9 பிப்ரவரி 1939

அக்கா,

அல்ஹம்துலில்லாஹ். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். செய்யதம்மாள் என் முகத்தைப் பார்த்து, "என்ன, திட்டா?" என்றாள். "திட்டுதான். பால் குடிக்கிறாகளாம்" என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப திட்டட்டும்" என்றாள்.

நான் பார்த்த ஆள் வேண்டாம் என்றால் வேண்டாம். பாதுஷாவிடம் நான் எப்படியோ சொல்லிக்கொள்கிறேன். அவர் ஏற்கனவே சந்தோஷமாக இருந்தார்.

ஒன்றே ஒன்று. இரண்டு மணிக்கு ஒருதரம் என்றால் இரண்டு மணிக்கு ஒருதரம். ஒரு தடவை மறந்தால் அடுத்த தடவை சேர்த்துக் குடிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. களா பாலுக்குக் கிடையாது.

தம்பி
நாகூர் கனி


மதுரை
12 மார்ச் 1939

தம்பி நாகூர் கனிக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை என்று தெரசாவுக்குக் கடிதம் போட்டு விசாரித்தாயாம். அவள் வேலை பார்க்கவேண்டாமா? உயிரோடு இருக்கிறேன். எழுத நேரமில்லை. இந்தத் தடவை உண்மையாகவே நேரமில்லை. அதற்குக் காரணம் மரியம் பீவி.

அவளை உனக்குத் தெரியாது. பள்ளிவாசல் பின்சுவரை ஒட்டி ஒரு சாய்ப்பில் இருக்கிறாள். என் வயதுதான். புருஷன் இல்லை. முன்பு அரிசி மண்டியில் புடைத்துக்கொண்டிருந்தாள், இப்போது கண் சரியில்லை. தெரு முழுக்க அவளை ஒருதரம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கும். இரண்டாவது தரம் யாரும் கூப்பிட்டதில்லை. அப்படி ஒரு வாய். நீ சாதுவான ஆளைக் காட்டினாய் என்பதற்காகவே நான் இவளைப் பிடித்தேன். அதை நான் மறைக்கவில்லை.

முதல் நாள் நெய்ச்சோறு, தாளிச்சா. நான் வாயில் வைக்க முடியாத சமையல், மணத்தை வைத்தே ஆக்கினேன். ஜலாலின் நோன்பு என்று மனதில் நினைத்து, தட்டில் போட்டு வைத்தேன். ஒரு கவளம் எடுத்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"உப்பு எங்கம்மா?"

"போட்டேனே."

"எங்க போட்டே? பக்கத்து வீட்டுலயா? நீ ருசி பாக்கலையா?"

"நான் சாப்பிடக்கூடாது. டாக்டர் சொல்லியிருக்கு."

"சாப்பிடக்கூடாதுன்னா ருசி பாக்கவும் கூடாதா? பிச்சைக்காரிதானே, எதைப் போட்டாலும் திம்பான்னு நெனச்சியாக்கும்?"

எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கியிருப்பேன். பிடுங்கினால் பித்யா நிறைவேறாது. உப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் நின்றேன். அதற்கும் ஒன்று சொன்னாள்.

"நீ என்ன கச்சேரிப் போலீஸா, காவலுக்கு நிக்கிறதுக்கு? தனியாத் திங்கிறதுக்கு எனக்கு வீடு இல்லையா? உக்காரு. உனக்கு ஒரு தட்டு போடு. இல்லாட்டி நான் எந்திரிச்சுப் போறேன்."

அவள் எழுந்து போனால் அந்த நாள் வீண். வேறு வழியில்லாமல் குழைந்த சாதத்தில் பாலை ஊற்றிப் பிசைந்துகொண்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஒருத்தர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டு எனக்கு எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது. கை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் மவுத்தான பிறகு நின்றபடி, நடந்தபடி, சட்டியிலேயே சாப்பிட்டு முடித்துவிடுவேன். அதற்குச் சாப்பாடு என்று பெயர் வைத்திருந்தேன்.

அன்றிலிருந்து தினமும் மதிய லுஹருக்கு முன்பே வந்துவிடுகிறாள். வந்ததும் அடுக்களைக்குள் புகுந்து மூடியைத் திறக்கிறாள். "இம்புட்டு எண்ணெயா? உனக்கு வயித்துல புண்ணா, எனக்கா?" என்கிறாள். நான் சொல்கிற எதையும் ஒத்துக்கொள்வதில்லை. சாமான் கட்டிவந்த காகிதத்தைப் பிரித்து நான் வாசித்தால், அதில் அச்சடித்திருப்பதையும் ஒத்துக்கொள்வதில்லை. ஜெர்மனியில் ஏதோ சண்டை வரப்போகிறதாம் என்று நேற்று வாசித்தேன். "எழுதினவன் நேர்ல போய்ப் பார்த்தானா?" என்றாள். பார்க்கவில்லை, தந்தியில் வந்திருக்கும் என்றேன். தந்தி என்றால் என்ன என்பதில் தொடங்கி அசர்வரைக்கும் வாதாடினோம். அவள் போன பிறகு பெட்டியில் சேர்த்துவைத்த பழைய காகிதங்களைப் பிரித்து அந்த விஷயத்தைத் தேடிப் படித்தேன், நாளைக்கு அவள் வாயை அடைக்க. இப்படி ஒரு விஷயத்தைத் தேடிப் படித்து வருஷக்கணக்காகிறது. நோன்புச் சட்டம் தவிர நான் வேறெதுவும் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

ஒருநாள் கேட்டாள், "இன்னிக்கு யாரு நோன்பு?" என்று. யார் சொன்னார்களோ. "ஹாஜராவோடது" என்றேன். சாப்பிட்டு முடித்துக் கைகழுவாமலே கையை ஏந்தி, "யா அல்லாஹ், ஹாஜரா கப்ரை வெளிச்சமாக்கு" என்று ஓதினாள். அப்புறம், "எப்படி இருப்பா அந்தப் புள்ள?" என்றாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். நடை, சிரிப்பு, முடி, எல்லாம். நிறுத்த முடியவில்லை. அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்த ஒருநாள்தான் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது சோறு வைக்கும்போதே பெயரைச் சொல்லிவைக்கிறேன். ஒருநாள் ஜலால், ஒருநாள் ஹாஜரா. பெயரைச் சொன்னால் நெஞ்சில் அடைக்கும் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன். அடைக்கவில்லை.

உன் விஷயத்தையும் அவளிடம் சொன்னேன். நீ என் நோன்பை முறித்ததை. அவள் உன் பக்கம் பேசுகிறாள். "உன் தம்பி அன்னிக்கு ஊத்தலைன்னா இன்னேரம் நீ மையவாடியில கிடப்பே. அங்க யாருடி களா வைக்கிறது?" என்றாள். என்னை 'டி' போட ஆளில்லாமல் போய் நீண்டநாள் ஆகிறது. திட்டத்தான் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

அதற்காக நீ சரி என்று ஆகிவிடாது.

மெஹருன்னிசா


உசிலம்பட்டி
18 மார்ச் 1939

அக்காவுக்கு,

மரியம் பீவிக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். அவர்களுக்கு ஒரு சேலை வாங்கி அனுப்பலாமா என்று செய்யதம்மாள் கேட்கிறாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். நிறம் சரியில்லை என்று உங்களிடம் சண்டைக்கு வருவார்கள்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இப்போது தாடையைப் பிடித்துத் திறக்காமல், முறையாகக் கேட்கிறேன். நான் வரலாமா? கதவு இடுக்கில் பேச எனக்கு முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. என் வயதும் ஏறிக்கொண்டுதான் போகிறது. நீங்கள் என்னை மன்னிக்கவேண்டும் என்று கேட்கவில்லை. உங்களை நீங்கள் பார்த்துக்கொள்கிற விதத்தை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும். கடிதத்தில் நீங்கள் எதையும் சாதித்துவிடுவீர்கள், அக்கா. மசி சரியில்லை என்பீர்கள்.

இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் மறுபடியும் கேட்பேன்.

தம்பி
நாகூர் கனி


மதுரை
25 மார்ச் 1939

தம்பிக்கு,

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். வண்டியில் அல்ல, நடந்து. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, கண்ணின் கீழ்இமையை இழுத்துப் பார்த்து, தெரசாவிடம் ஏதோ சொன்னார். தெரசா என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. "என்னன்னு சொல்லும்மா" என்றேன். "இரத்தம் ஊறியிருக்கு, புண்ணு ஆறிக்கிட்டு வருது, எடை கூடியிருக்குன்னு சொல்றாங்கம்மா. என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்கிறாங்க" என்றாள். "சாப்பாடு அதேதான். கூட ஒரு ராட்சசி உக்காந்திருக்கா" என்றேன். தெரசா அதை எப்படி மொழிபெயர்த்தாளோ, டாக்டரம்மா வெகுநேரம் சிரித்தார்.

வரப்போகும் ரமலானுக்கு நோன்பு வைக்கலாமா என்று கேட்டேன். அப்போது பார்த்துச் சொல்கிறேன் என்றார். சரி என்று வந்துவிட்டேன். சண்டை போடவில்லை. அவர் சொல்லை எடுத்துக்கொள்வதா இல்லையா என்பது என் சாட்சியைப் பொறுத்தது. அதை அப்போது நான் சொல்வேன். உண்மையாகச் சொல்வேன்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். கேட்டாய் என்பதால் சொல்கிறேன். வா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வா. செய்யதம்மாளையும் அழைத்து வா. அவளோடு எனக்கு ஒரு காலத்திலும் பிணக்கு இல்லை. மூட்டை கட்டிக்கொண்டு வராதே. மரியம் பீவியும் நம்மோடுதான் உட்காருவாள். அவள் என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்கக்கூடாது. அவள் உன் பக்கம் பேசினாலும் தலையை ஆட்டக்கூடாது. அன்று ஜலாலின் முறை. அவன் உன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடிப்பானே, அதை அவளிடம் நீதான் சொல்லவேண்டும். அவனை அப்படிப் பார்த்த ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. நான் சொன்னால் அவள் நம்புவதில்லை.

நீ செய்ததில் என் எண்ணத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. அதை வெள்ளிக்கிழமை உன் முகத்துக்கு நேராகவே சொல்வேன். நீயும் உன் நியாயத்தைச் சொல். ஒருவர் இன்னொருவரை ஒத்துக்கொள்ளவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசலாம்.

இன்னும் நாலைந்து விஷயத்துக்கு உன்னைத் திட்டவேண்டியிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்னைப் பற்றிக் கடிதம் போட்டது ஒன்று. ஆனால் அடுக்களையிலிருந்து மரியம் பீவி குரல் வருகிறது, "எழுதினது போதும், வாடி, ஆறிப்போகுது" என்று. எனக்கும் பசிக்கிறது.

மெஹருன்னிசா